சிறுதொழில் கடனுக்கு 1 கோடி டாலர்: கிழக்கு ஆப்பிரிக்காவில் எந்த வழியில் போடுவது?

ஒரு வளர்ச்சி நிதி நிறுவனத்தில் முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 1 கோடி டாலர். கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளில் சிறுதொழில் நடத்துகிறவர்களிடம் அது கடனாகப் போய்ச் சேர வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளில் பலன் தெரிய வேண்டும். ஐரோப்பாவிலோ வாஷிங்டனிலோ உட்கார்ந்துகொண்டு கம்பாலாவின் கடைக்காரருக்கு நேரடியாகக் கடன் கொடுக்க முடியாது. உள்ளூரில் கடன் கொடுக்கிற ஒருவர் வழியாகத்தான் போக முடியும். அவருக்கு எந்த வடிவில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. வங்கிக்கு மொத்தக் கடனாகவா, கடன் மூழ்கினால் பாதி நட்டத்தை ஏற்கும் உத்தரவாதமாகவா, கொடுக்கிற ஒவ்வொரு சிறு கடனுக்கும் ஊக்கத்தொகையாகவா, அல்லது அந்த நிறுவனத்திலேயே பங்கு முதலீடாகவா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய வங்கிகளுக்கு டாலர் கடன் கொடுப்பது இதில் மிகச் சுலபமான வழி. சிறுதொழிலுக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுதான். உள்ளூர் நாணயத்தில் உத்தரவாதமும், அதோடு ஊக்கத்தொகையும் சேர்ந்த வழியையே நான் எடுப்பேன். ஏன் என்பதற்கு முதலில் கடன் வாங்குகிறவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

நைரோபியின் கிகோம்பா சந்தையை ஒட்டி எட்டுப் பேரை வைத்துத் தையல் பட்டறை நடத்தும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது உகாண்டாவின் எம்பாலே பக்கம் மக்காச்சோள அரவை ஆலை வைத்திருப்பவர், ருவாண்டாவில் விவசாயிகளிடம் காபிப் பழம் வாங்கிக் கழுவி விற்கும் நிலையத்துக்காரர். இவர்களுக்கு வேண்டியது ஏறத்தாழ 5,000 டாலரிலிருந்து 2 லட்சம் டாலர் வரை. குறுங்கடன் நிறுவனங்களின் குழுக்கடன் சில நூறு டாலரோடு நின்றுவிடும். கைப்பேசிக் கடனும் அப்படித்தான். 2012-ல் கென்யாவில் வந்த எம்-ஷ்வாரி 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம் வைத்தது. கடையில் நாலு மூட்டை சர்க்கரை இறக்கி ஒரு வாரத்தில் விற்பவருக்கு அது கட்டுப்படியாகும். அரவை இயந்திரம் வாங்குகிறவருக்கு ஆகாது. சரி, வங்கிக்குப் போகலாம் என்றால் அங்கே நிலப்பத்திரம் கேட்பார்கள். பத்திரம் பல குடும்பங்களில் கணவர் பெயரில் இருக்கும், அல்லது நிலம் குலத்தின் பொதுச் சொத்தாக இருக்கும், அல்லது பத்திரமே இருக்காது.

இதைப் பார்த்துவிட்டு, வங்கியிடம் பணம் இல்லை, கொடுத்தால் கடன் கொடுப்பார்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கென்யாவின் பெரிய வங்கிகளிடம் வைப்புத்தொகை ஏராளமாக இருக்கிறது. அது அரசுப் பத்திரங்களுக்குப் போகிறது. 2024 பிப்ரவரியில் கென்ய அரசு வெளியிட்ட உள்கட்டமைப்புப் பத்திரத்தின் வட்டி 18.46 சதவீதம். உட்கார்ந்த இடத்தில் அரசிடமிருந்து அது கிடைக்கும்போது, கிகோம்பா வரை ஆள் அனுப்பி, தையல் இயந்திரங்களை எண்ணி, கணக்கு நோட்டைப் புரட்டி, 20 சதவீதத்துக்குக் கடன் கொடுக்க எந்த வங்கி மேலாளருக்கு மனம் வரும்?

குறைந்த வட்டி ஒன்றே போதும் என்ற எண்ணத்தைக் கென்யா சட்டம் போட்டே சோதித்துப் பார்த்தது. 2016 செப்டம்பரில் அமலுக்கு வந்த வங்கிச் சட்டத் திருத்தம், மத்திய வங்கி வட்டிக்கு மேல் 4 சதவீதப் புள்ளிகளுக்கு மிகாமல்தான் கடன் வட்டி இருக்க வேண்டும் என்றது. ஏழைக்கு நல்லது என்று மக்களும் வரவேற்றார்கள். வங்கிகள் என்ன செய்தன? அந்த வட்டியில் சிறுதொழிலின் ஆபத்துக்கு ஈடு கட்டாது என்று அந்தக் கடனைச் சுருக்கிக்கொண்டு, அரசுப் பத்திரங்கள் பக்கம் சாய்ந்தன. வங்கி கைவிட்ட பலர், அந்தச் சட்டத்துக்குள் வராத கைப்பேசிக் கடன் செயலிகளிடம் பல மடங்கு வட்டிக்குப் போனார்கள். 2019 நவம்பரில் உச்சவரம்பு நீக்கப்பட்டது. இந்த மூன்று ஆண்டு அனுபவத்தை மறந்துவிட்டுப் போடும் எந்தத் திட்டத்தையும் நான் நம்ப மாட்டேன்.

டாலரில் மொத்தக் கடன்

ஐரோப்பிய முதலீட்டு வங்கி, உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி., நெதர்லாந்தின் எஃப்.எம்.ஓ., பிரான்சின் புரோபார்கோ, ஜெர்மனியின் டி.இ.ஜி. ஆகிய வளர்ச்சி நிதி நிறுவனங்கள் எல்லாமே இந்த வழியில்தான் பெருந்தொகை போடுகின்றன. வங்கி கடனை வாங்கிக்கொண்டு, இத்தனை சதவீதம் சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கொடுப்போம் என்று எழுதிக் கொடுக்கும். கொடுப்பவருக்கு வேலை குறைவு. ஒரே ஒப்பந்தத்தில் பெரிய தொகை போய்விடும்.

இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உள்ளூர் வங்கியின் வைப்புத்தொகை பெரும்பாலும் குறுகிய காலத்துக்கானது. மூன்று மாதப் பணத்தை வைத்துக்கொண்டு ஐந்தாண்டு இயந்திரக் கடன் கொடுக்க வங்கி தயங்குவது நியாயம். ஏழு, பத்து ஆண்டுகளுக்கு வரும் வெளிநாட்டுக் கடன் அந்த இடைவெளியை நிரப்பும்.

ஆனால் நாணயம்? 2022 தொடக்கத்தில் 1 டாலருக்கு ஏறத்தாழ 113 கென்ய ஷில்லிங். அப்போது 1 கோடி டாலர் வாங்கிய ஒரு நிறுவனம் அதை 113 கோடி ஷில்லிங்காக மாற்றிக் கடன் கொடுத்திருக்கும். 2024 ஜனவரியில் டாலர் 160 ஷில்லிங்கானது. அசல் மட்டுமே 160 கோடியாக நிற்கிறது. ஒரு கடனாளிகூட ஏமாற்றாமலே 47 கோடி கூடுதல் சுமை. அப்புறம் சில மாதங்களில் ஷில்லிங் 130 பக்கம் திரும்பியது உண்மைதான். இடையில் தவணை கட்ட வேண்டியிருந்தவருக்கு அதனால் என்ன பயன்? எத்தியோப்பியாவில் இன்னும் கடுமை. 2024 ஜூலை கடைசியில் அரசு தன் நாணயமான பிர்ரைச் சந்தை விலைக்கு விட்டதும், 57 பிர்ராக இருந்த டாலர் சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது.

இந்த ஆபத்தை யாராவது ஏற்க வேண்டும். வங்கி ஏற்காது, டாலரில் வாங்கினால் டாலரில் வருமானம் உள்ள ஏற்றுமதியாளருக்கே கொடுக்கும். அவர் பெரும்பாலும் சிறுதொழில்காரர் அல்ல. நாணய ஆபத்தை விலைக்கு ஏற்பதற்கென்றே 2007-ல் ஆம்ஸ்டர்டாமில் டி.சி.எக்ஸ். என்ற நிதியம் தொடங்கப்பட்டது. மிக அவசியமான நிறுவனம் அது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலை, இரு நாட்டு வட்டி வித்தியாசத்தை ஒட்டியே அமையும். டாலரில் 6 சதவீதம் என்று மலிவாகத் தெரிந்த கடன், பாதுகாப்பைச் சேர்த்ததும் கென்ய அரசுப் பத்திர வட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மலிவான வெளிநாட்டுப் பணம் என்று நினைத்தது அங்கேயே பாதி கரைந்துவிடுகிறது.

எத்தியோப்பியாவின் பெண் தொழில்முனைவோர் திட்டம் இதில் நல்ல விதிவிலக்கு. 2012-ல் உலக வங்கியின் கடனோடு தொடங்கியது. நாணய ஆபத்தை அரசே ஏற்றுக்கொண்டது. பணம் எத்தியோப்பிய வளர்ச்சி வங்கி வழியாகக் குறுங்கடன் நிறுவனங்களுக்குப் பிர்ரில் போனது. குழுக்கடனில் பழகிய அந்த நிறுவனங்கள் தனிநபர் தொழில்கடன் கொடுக்கப் பழகின. நிலப்பத்திரத்துக்குப் பதிலாக வாகனம், ஆள்பிணை, சில இடங்களில் கடனாளியின் நேர்மையையும் தொழில் மனப்பாங்கையும் அளக்கும் மனோதத்துவத் தேர்வு என்று வேறு வழிகளையும் பயன்படுத்தின. மொத்தக் கடன் வழியும் வேலை செய்யும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அரசு நாணய ஆபத்தை ஏற்க வேண்டும், நிறுவனங்களுக்குப் பயிற்சி கூடவே வர வேண்டும். இந்த இரண்டையும் 1 கோடி டாலர் வைத்திருக்கும் தனி நிறுவனம் ஏற்பாடு செய்துவிட முடியாது.

வைப்புத்தொகை வாங்க அனுமதி இல்லாத சிறிய கடன் நிறுவனங்கள், குத்தகைக்கு இயந்திரம் தரும் நிறுவனங்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு நிஜமாகவே பணப் பற்றாக்குறை. அவர்களுக்குக் கடன் கொடுக்கலாம், உள்ளூர் நாணயத்தில் மட்டும்.

பாதி நட்டத்தை ஏற்பது

உத்தரவாதத்தின் கணக்கு எளிமையானது. வங்கி 20 லட்சம் ஷில்லிங் கடன் கொடுக்கிறது. 50 சதவீத உத்தரவாதம் இருக்கிறது. கடன் முழுதும் மூழ்கினால் 10 லட்சம் வங்கிக்கு, 10 லட்சம் உத்தரவாதம் கொடுத்தவருக்கு. வங்கியின் பணமும் மாட்டிக்கொண்டிருப்பதால் அது கடனாளியைச் சரியாகப் பார்த்துத்தான் கொடுக்கும். பணம் உள்ளூர் வைப்புத்தொகையிலிருந்தே போவதால், கடனாளிக்கும் வங்கிக்கும் டாலர் வாசனையே கிடையாது.

தொகை நீளும் விதமும் கவனிக்கத்தக்கது. 60 லட்சம் டாலரைக் காப்புத்தொகையாக வைத்துக்கொண்டு, 2 கோடி 40 லட்சம் டாலர் மதிப்புள்ள உள்ளூர் கடன்களுக்குப் பாதி உத்தரவாதம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு மூழ்கினால் நட்டம் 24 லட்சம். உங்கள் பங்கு 12 லட்சம்தான். அதே 60 லட்சத்தைக் கடனாகக் கொடுத்திருந்தால் 60 லட்சம் மதிப்புக்கே சிறுதொழில் கடன் உருவாகியிருக்கும்.

இந்த வட்டாரத்தில் இதற்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் தன் வளர்ச்சிக் கடன் ஆணையம் மூலம் கென்யாவிலும் உகாண்டாவிலும் பல வங்கிகளுக்குப் பாதி உத்தரவாதம் கொடுத்தது. பிறகு அந்தப் பணி டி.எஃப்.சி. என்ற புதிய நிறுவனத்துக்கு மாறியது. பிரான்சின் வளர்ச்சி முகமைக்கு அரிஸ் என்ற திட்டம். ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் டென்மார்க், ஸ்பெயின் அரசுகளும் சேர்ந்து தொடங்கிய ஆப்பிரிக்க உத்தரவாத நிதியத்துக்கு நைரோபியிலேயே தலைமையகம். தான்சானியாவில் 2000-ல் டேனிஷ் உதவியோடு தொடங்கிய பாஸ் அறக்கட்டளை, விவசாயத் தொழில்களுக்கு வங்கிக் கடன் விண்ணப்பத்தைத் தயாரிக்க உதவுவதிலிருந்து உத்தரவாதம் வரை கூடவே நிற்கிறது. ருவாண்டாவின் வணிக வளர்ச்சி நிதியம் (பி.டி.எஃப்.) பொதுவாக 50 சதவீதமும், பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் 75 சதவீதமும் ஏற்கிறது.

குறைகளும் அந்த அனுபவத்திலிருந்தே தெரிந்தவை. முதலாவது, வங்கி எப்படியும் கடன் கொடுத்திருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளரையே உத்தரவாதத்துக்குள் சேர்த்துவிடும். அமெரிக்க உத்தரவாதங்களில் நட்ட ஈடு கோரியது மிகக் குறைவு என்று அதை வெற்றியாகச் சொல்வார்கள். எனக்கு அது கவலையாகத்தான் படுகிறது. யாருமே மூழ்கவில்லை என்றால், ஆபத்தான புதிய கடனாளியிடம் வங்கி போகவே இல்லை என்றும் பொருள் கொள்ளலாம் அல்லவா?

இரண்டாவது குறை, ஈடு வாங்குவதில் இழுபறி. முதலில் கடனாளியைத் துரத்து, அடமானத்தை விற்கப் பார், நீதிமன்றத்துக்குப் போ, எல்லாம் முடிந்த பிறகு வா என்று ஒப்பந்தம் சொன்னால், மாதங்கள் ஆண்டுகளாகும். ஒரு முறை அப்படி அலைந்த கடன் அதிகாரி அடுத்த முறை உத்தரவாதத்தை மதித்துக் கடன் எழுத மாட்டார். நிலப்பத்திரமே கேட்பார். உத்தரவாதம் காகிதத்தில் இருக்கும், கடனாளியின் நிலைமை மாறியிருக்காது. இது நம் கையில் இருக்கும் குறை. ஒப்பந்தத்தை எழுதுவது நாம்தான்.

உத்தரவாதத்தால் தீராத இன்னொன்றும் உண்டு. அது நட்டத்தைக் குறைக்கிறது, செலவைக் குறைப்பதில்லை. 20,000 டாலர் கடனை ஆராய ஆகும் வேலையும் 10 லட்சம் டாலர் கடனை ஆராய ஆகும் வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வட்டி வருமானமோ ஐம்பதில் ஒரு பங்கு. கடனாளி நாணயஸ்தர், பணம் கண்டிப்பாகத் திரும்பும் என்று தெரிந்தாலும் வங்கிக்கு அதில் லாபம் நிற்காது.

இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது 2020-ல் தொடங்கிய அசேலி ஆப்பிரிக்கா என்ற அமைப்பு. கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டாவில் விவசாயம் சார்ந்த சிறுதொழில்களுக்கு 25,000 டாலரிலிருந்து 15 லட்சம் டாலர் வரை கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு உதவுவதை இலக்காக எடுத்துக்கொண்டது. தகுதியான கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பங்கை அந்த நிறுவனத்தின் பெயரில் நட்டக் காப்பாக ஒதுக்குகிறது. சிறிய கடன்களுக்கு, ஆராயும் செலவை ஈடு கட்ட ரொக்க ஊக்கத்தொகையும் தருகிறது. கடனாளி முதல்முறை வாங்குகிறவர், பெண் நடத்தும் தொழில் என்றால் ஊக்கம் கூடும். பெரிய கடனில் தானாகவே நிற்கும் லாபத்தைச் சிறிய கடனுக்கும் உண்டாக்குவதுதான் இதன் சூட்சுமம். இது நன்கொடைப் பணம், திரும்பி வராது. அதனால்தான் முதலீட்டுக் குழுக்கள் இதைக் கண்டு முகம் சுளிக்கின்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. தேவையற்ற டாலர் கடனில் நாணய நட்டமாகக் கரைவதைவிட, தெரிந்தே செலவழிப்பது மேல்.

நிறுவனத்தையே வளர்ப்பது

பங்கு முதலீடு போட்டு நிறுவனத்தையே வளர்க்கும் இந்த வழிதான் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றத்தைச் செய்தது. 1984-ல் கென்யாவின் முராங்கா பகுதியில் வீட்டுக்கடன் சங்கமாகத் தொடங்கிய ஈக்விட்டி, 1993-ல் திவால் நிலையில் இருப்பதாகக் கண்காணிப்பாளர்களே சொன்னார்கள். பின்னாளில் அதன் தலைமைச் செயல் அதிகாரியான ஜேம்ஸ் முவாங்கி உள்ளிட்டவர்கள் அதைச் சிறு வாடிக்கையாளர் பக்கம் திருப்பினார்கள். நன்கொடை நாடுகளின் தொழில்நுட்ப உதவியும், 2003-ல் ஆஃப்ரிகேப் என்ற குறுங்கடன் முதலீட்டு நிதியத்தின் பங்கு முதலீடும் வந்தன. 2004-ல் வங்கியானது, 2006-ல் நைரோபி பங்குச் சந்தைக்கு வந்தது, இன்று காங்கோ வரை கிளை பரப்பியிருக்கிறது. உகாண்டாவில் கத்தோலிக்கத் திருச்சபை 1983-ல் தொடங்கிய கிராம வளர்ச்சி அறக்கட்டளை, 1993-ல் சென்டினரி வங்கியானது. தான்சானியாவின் என்.எம்.பி. 1997-ல் பழைய அரசு வங்கியிலிருந்து பிரிந்து, 2005-ல் நெதர்லாந்தின் ராபோபேங்க் தலைமையிலான முதலீட்டைப் பெற்று, இன்று நாட்டின் இரண்டு பெரிய வங்கிகளுள் ஒன்றாக நிற்கிறது.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, கடன் அதிகாரிக்குக் கொடுத்த பயிற்சி. கணக்கே எழுதாத கடைக்காரரிடம் உட்கார்ந்து, இன்று எத்தனை மூட்டை விற்றது, சரக்கு யாரிடம் வாங்குகிறார், பள்ளிக் கட்டணம் எந்த மாதம் வரும் என்று கேட்டு, அலமாரிச் சரக்கைக் கண்ணால் எண்ணி, அந்த இடத்திலேயே ஒரு வரவு செலவுக் கணக்கை உருவாக்குகிற திறமை. இப்போது கைப்பேசிப் பணப் பதிவுகளும் கையில் இருப்பதால் அந்த வேலை இன்னும் துல்லியமாகிறது. நிலப்பத்திரத்துக்கு உண்மையான மாற்று இந்தத் திறமைதான்.

அப்படியானால் முழுத் தொகையையும் இதில் போடலாமே? பொறுமை இருந்தால் போடலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பங்கை விற்று வெளியேற வாங்குபவர் கிடைக்க வேண்டும். வளர்ந்த வங்கி பெரிய வாடிக்கையாளரை நோக்கி நகர்வதைத் தடுக்கச் சிறுபான்மைப் பங்குதாரரால் முடியாது. ஐந்தாறு ஆண்டுக் கெடுவுக்குள் இது அடங்காது.

அரசே கொடுக்கும் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கென்யாவின் ஹஸ்லர் நிதியம் 2022 நவம்பரில் 8 சதவீத ஆண்டு வட்டியில் 500 முதல் 50,000 ஷில்லிங் வரை கொடுக்கத் தொடங்கியது. பல நூறு கோடி ஷில்லிங் வசூலாகாமல் நிற்கிறது. அரசு கொடுக்கும் கடனை மக்கள் அரசின் பரிசாகப் பார்ப்பது கென்யாவுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. உகாண்டா மத்திய வங்கி 2009 முதல் நடத்தும் விவசாயக் கடன் வசதி வேறு மாதிரி. பாதிப் பணம் அரசிடமிருந்து வட்டியில்லாமல், பாதி வங்கியின் சொந்தப் பணம், விவசாயிக்கு 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வங்கியின் பணமும் உள்ளே இருப்பதால் வசூல் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் பெரிய பண்ணைகளும் ஆலைகளும்தான் முதலில் பயன்பெற்றன. நிலப்பத்திரம் இல்லாத சிறு விவசாயிக்கென்று தனி ஒதுக்கீடு பிறகுதான் வந்தது.

ஆகவே என் பங்கீடு இப்படி இருக்கும். 60 லட்சம் டாலர் உத்தரவாதக் காப்பு, கென்யாவிலும் உகாண்டாவிலும் மூன்று நான்கு நடுத்தர வங்கிகளுக்கு. 25 லட்சம், வைப்புத்தொகை வாங்காத இரண்டு மூன்று கடன் நிறுவனங்களுக்கு உள்ளூர் நாணயத்தில் கடன். 15 லட்சம் ஊக்கத்தொகைக்கும் கடன் அதிகாரிகளின் பயிற்சிக்கும்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனி ஒப்புதல் என்பது கூடாது. வரையறைக்குள் வரும் கடன் எல்லாம் தானாக உத்தரவாதத்துக்குள் வர வேண்டும். தவணை 90 நாள் நின்றுபோனதுமே நம் பங்கில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். நீதிமன்ற வேலை பிறகு நடக்கட்டும். முதல்முறைக் கடனாளிக்கு 60 சதவீதம், அவரே இரண்டாவது முறை வந்தால் 40, மூன்றாவது முறை 20 என்று உத்தரவாதம் இறங்க வேண்டும். பழைய வாடிக்கையாளரையே உள்ளே தள்ளும் வழக்கத்துக்கு அதுதான் கடிவாளம். வங்கி அறிக்கையில் எத்தனை கடன் என்பதோடு, ஒவ்வொன்றுக்கும் என்ன அடமானம் வாங்கினார்கள் என்பதும் இருக்க வேண்டும். கென்யா 2017-லும் உகாண்டா 2019-லும் அசையும் சொத்தை ஈடாகப் பதிவுசெய்யச் சட்டம் கொண்டுவந்துவிட்டன. இயந்திரம், கால்நடை, வரவேண்டிய பில் எல்லாவற்றையும் ஈடாக வைக்கலாம். அப்படியிருந்தும் அறிக்கை முழுக்க நிலப்பத்திரமாகவே வந்தால், அந்த வங்கியின் ஒதுக்கீட்டை அடுத்த ஆண்டே வேறு வங்கிக்கு மாற்றிவிடுவேன்.

ருவாண்டா மட்டும் என்றால் இந்தப் பங்கீட்டை மாற்றுவேன். அங்கே 416 உமுரெங்கே கூட்டுறவுக் கடன் சங்கங்கள், வட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுதும் இருக்கின்றன. உத்தரவாதம் கொடுக்க பி.டி.எஃப். ஏற்கெனவே இருக்கிறது, இன்னொருவர் அவ்வளவாகத் தேவையில்லை. பற்றாக்குறை, 20,000 டாலர் கடனை ஆராயத் தெரிந்த ஆட்கள்தான். அங்கே காப்புத்தொகையைப் பாதியாகக் குறைத்து, அந்த 30 லட்சத்தைச் சங்கங்களின் கடன் அதிகாரிகளுக்கான மூன்று ஆண்டுப் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் ஒதுக்குவேன்.